கண்ணிக்குள் கணக்கு
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் கைவேலைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சூடான கேத்தலின் கீழ் வைக்கும் வட்ட விரிப்பைக் குரோஷே ஊசியால் சுருளாகப் பின்னுவதே எமக்குத் தரப்பட்ட பொருள். நூற்றாண்டு மேடைக்கு இது சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆனால் பாட்டிமார் பானை வைத்த புரிமணையின் தங்கை இது. கண்டிக் குளிரில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேத்தல் இறக்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்!

1840களில் அயர்லாந்து பஞ்சத்தில் வாடியபோது, கன்னியர் மடங்களில் கற்ற குரோஷே லேசை விற்றுப் பல பெண்கள் குடும்பத்தைக் காத்தார்கள். நம் நகரில் 1879இல் மகளிர் உயர்தரப் பாடசாலையும் 1890இல் ஹில்வூட்டும் மிஷனரிமாரால் தொடங்கப்பட்டன. அக்காலத்துப் பெண்கள் பாடசாலைகளில் எழுத்தோடும் எண்ணோடும் ஊசியும் நூலும் வந்தன.

இனிச் செய்முறை. ஒரு நூல் வளையத்தில் ஆறு கண்ணிகள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு பின்ன, 12. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 18. அடுத்து 24, 30 என்று சுற்றுக்கு ஆறு கூடும். பத்தாம் சுற்றில் 60. மொத்தம் 330 கண்ணிகள். சுற்றை மூடாமல் தொடர்ந்து போவதால் தையல் கோடு விழாது. ஆனால் தொடக்கம் மறைந்துவிடும். வேறு நிற நூல் துண்டொன்றை அடையாளமாகச் செருகுங்கள். கூட்டும் கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அறுகோணம் வரும். இடம் மாற்றி வைத்தால் வட்டம் வரும். முடிவில் இரண்டு மூன்று வழுக்குக் கண்ணிகள் போட்டால் படி தெரியாது.

பருத்தி நூலையே எடுங்கள். அக்ரிலிக் நூல் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். இரண்டு வட்டங்களைச் சேர்த்து விளிம்பில் பின்னினால் சூடு எளிதில் கடக்காது. வெளிநாட்டிலுள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கண்ணியைப் பிரித்தானியப் புத்தகங்கள் டபிள் குரோஷே என்கின்றன, அமெரிக்கப் புத்தகங்கள் சிங்கிள் குரோஷே என்கின்றன. லண்டனிலிருப்பவரும் டொரொன்டோவிலிருப்பவரும் பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

ஏன் ஆறு? இந்தக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆரை ஒரு கண்ணியால் கூட, பரிதி இரண்டு பை மடங்கு, அதாவது சுமார் 6.28 கண்ணிகள் கூடவேண்டும். ஆறு போட்டால் தட்டையாகக் கிடக்கும். குறைத்தால் தொப்பி, மிகுத்தால் அலை. அந்த அலையையே வேண்டுமென்று பின்னி, கோர்னெல் பல்கலைக்கழகக் கணித ஆசிரியை டைனா டைமினா 1997இல் அதிபரவளையத் தளத்தைத் தம் மாணவர் கையில் கொடுத்தார்.

சகோதரிகளே, "கணக்கு வராத பிள்ளைக்குக் கைவேலை" என்ற பேச்சு நம்மில் பலர் காதில் விழுந்தது. அதை நம்பிக் கணக்கைக் கைவிட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் கணக்குத்தான் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. கைவேலையையும் கணிதத்தையும் பிரித்த சுவரை இனியாவது நாம் எடுத்துவிடவேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒவ்வொருவரும் இரண்டு விரிப்புகள் பின்னி அனுப்புங்கள். விற்றுவரும் பணம், மலையகத் தோட்டங்களிலிருந்து உயர்தரத்தில் கணிதம் படிக்கவரும் பிள்ளைகளின் பஸ் காசுக்கும் புத்தகங்களுக்கும் போகும். நூலின் விலைக்கு மட்டும் விற்கமாட்டோம். கை செலவிட்ட நேரத்துக்கும் விலை உண்டு. மற்றது, உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு பிள்ளைக்கு, பெண்ணானாலும் ஆணானாலும், முதல் ஆறு கண்ணிகளைக் கற்றுக்கொடுத்து, ஏன் ஆறு என்று கேட்க விடுங்கள்.