தொட்ட காய்
(யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சதுரங்கம் பழகினால் கணிதப் புள்ளி கூடும் என்பார்கள். இங்கிலாந்தில் 100 பாடசாலைகளில் நடந்த ஆய்வு, அப்படிக் கூடவில்லை என்று 2016இல் சொன்னது. நாங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குவது வேறொன்றுக்காக. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது விதி. ஆகவே கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். நாளை துரை நீட்டும் கடதாசியிலும் வாசிக்காமல் கையொப்பம் வைக்காத பிள்ளைகள் எங்களுக்கு வேண்டும்.

சென்னைப் பிள்ளை குகேஷ் பாடசாலையில்தான் பழகத் தொடங்கினார். 2024இல், 18 வயதில், உலகச் சாம்பியன் ஆனார். இதற்கு மைதானம் வேண்டாம். ஒரு பலகையும் 32 காய்களும் போதும். தோட்டப் பாடசாலைகளில் அதுவே அரிது. உங்கள் கழகங்களில் சும்மா கிடக்கும் பலகைகளைத் தாருங்கள். விடுமுறையில் வந்து பழக்கியும் விடுங்கள்.