தறி வீட்டிலிருந்து உங்கள் கைப்பேசிக்கு



ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிற முள்ளிப்பட்டு, பட்டுச் சேலை நெய்கிற ஊர். ஒரு சேலையை நெய்து இறக்கப் பல நாள் ஆகும். ஆனால், கூலிக்கு நெய்கிறவருக்கு அதை யார் வாங்கினார், என்ன விலைக்குப் போனது என்பது தெரியாமலே போயிடுது. இணைய வணிகம் இந்த இடைவெளியைக் குறைக்க முடியும். அதற்கு என்னென்ன வேணும்னு பார்ப்போம்.

முதலில் இணைப்பு, பணம், போக்குவரத்து. இவை ஓரளவு வந்தாச்சு. கையில் கைப்பேசி இருக்கு. 2016-இல் வந்த யுபிஐ மூலம் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருது. பார்சல் அனுப்ப அஞ்சலகம் இருக்கு.

அடுத்தது வரி விதி. முன்பு இணையச் சந்தைகளில் பொருள் விற்கச் சிறு வியாபாரிக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் பதிவு வரம்புக்குள் இருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள், பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்கை எண் வாங்கினால் போதும். பெங்களூருக்கு விற்கணும்னா முழுப் பதிவு வேணும்.

இதெல்லாம் இருந்தும் விற்பனை நிற்கிற இடம் ஒன்று உண்டு: நம்பிக்கை. படத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று வாங்கி ஒருமுறை ஏமாந்தவர் மறுபடி வர மாட்டார். அந்த நஷ்டம் உண்மையாக நெய்கிறவர் தலையில்தான் விழும்.

அதனால் முத்திரைகளைப் பிரித்துப் பாருங்க. சில்க் மார்க், அசல் பட்டு என்று மட்டும்தான் சொல்லும். கையால் நெய்தது என்று சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரை வேணும். ஆரணிப் பட்டுக்கு உள்ள புவிசார் குறியீடு, ஊரைச் சொல்லும். மூன்றும் மூன்று கேள்விக்குப் பதில்.

விற்பவர் பெயர், முகவரி, திருப்பி அனுப்பும் விதி ஆகியவற்றைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்க. 2020-ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி, உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்க.

நெசவாளர் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பகல் வெளிச்சத்தில் படம் எடுங்க. தறியில் சேலை ஓடுவதைச் சின்ன வீடியோவாகப் போடுங்க. நீளம், எடை, ஜரிகை அசலா இல்லையா என்பதை உள்ளபடி எழுதுங்க. நிறம் கொஞ்சம் மாறித் தெரியும் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிடுங்க. திரும்பி வருகிற ஒரு சேலை, லாபத்தைத் தின்னுடும்.

அடுத்த முறை கைப்பேசியில் சேலை பார்க்கும்போது, விலையோடு நிறுத்தாதீங்க. எந்த ஊர்த் தறி என்றும் கேளுங்க. அந்தக் கேள்விதான் முள்ளிப்பட்டுத் தறிக்கு வேலை கொடுக்கும்.