பெயரும் ஆளும்: தகடூர் தரும் ஒரு தருக்கப் பாடம்



மனிதர் அறிந்தவற்றைக் கணிப்பொறி ஏற்கும் வடிவில் எழுதிவைத்து, எழுதாத உண்மைகளையும் அவற்றிலிருந்து அது தானே உய்த்துணருமாறு செய்வது செயற்கை நுண்ணறிவுத் துறையின் பழைய கனவு. அறிந்தவற்றைத் தருக்க வாக்கியங்களாக அமைத்தால் இயந்திரம் முடிவு காணும் என்று 1958இல் ஜான் மெக்கார்த்தி வழி காட்டினார். 1984இல் டக்ளஸ் லெனட் தொடங்கிய 'சைக்' திட்டம் அன்றாட உலக அறிவையெல்லாம் இவ்வாறு திரட்ட முனைந்தது. ஆயினும் தருக்கம் தொடங்கும் முன்பே ஒரு வினா எழுகிறது: ஒரு பெயர் யாரைக் குறிக்கிறது? இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. தருமபுரியாகிய தகடூரே சான்று.

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரரையும் குறிக்கிறது. இவர் யாவர் என்பது அறிஞரிடையே நெடுங்காலம் வழக்காடப்பட்டது. 1981இல், திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. 'சதியபுதோ' என்னும் பிராகிருதச் சொல்லை அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரோடு சேர்த்து, அவன் ஈந்த உறைவிடம் இது என்று அது கூறுகிறது. அந்த ஒற்றை வரியால் அசோகரின் கல்லும் சங்கப் புலவரின் பாட்டும் உறவு கொண்டன.

இச்செய்திகளைக் கணிப்பொறிக்குக் கொடுப்பதாகக் கொள்க. 'சதியபுத்திரர் என்பவர் அஞ்சியே' என எழுதிவிட்டால், அஞ்சி அசோகர் காலத்தவன் என்று அது முடிவு கட்டும். தருக்கத்தில் பிழை இராது. முடிவுக்கோ ஆதாரம் இராது. 'சதியபுத்திரர் என்பது மரபின் பெயர். அஞ்சி அம்மரபில் ஒருவன்' என எழுதினால் அந்த அவசர முடிவு பிறவாது. அறிவை அமைக்கும் முறையிலேயே உய்த்துணர்வின் நன்மை தீமை அடங்கியுள்ளது.

ஔவையார் பெயரில் இடர் வேறு வகையினது. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்கப் புலவரும், ஆத்திசூடி பாடியவரும் வெவ்வேறு காலத்தவர் என்பது ஆய்வாளர் கொள்கை. பெயர் ஒன்றாதலால் ஆளும் ஒன்றே எனப் பதிந்தால், ஆத்திசூடி அதியமான் அவையில் பிறந்ததாகவும் இயந்திரம் கூறிவிடும்.

இன்றைய மொழி மாதிரிகள், வரிவரியாக வகுத்தளித்த அறிவை நம்பி இயங்குவன அல்ல. பெருந்திரளான எழுத்துகளைப் பயின்று விடை தொடுப்பன. அவ்வெழுத்துகளில் இரு ஔவையாரும் கலந்து கிடந்தால் விடையிலும் கலந்தே வருவர். ஆதலின், எந்தப் பாடல், எந்தக் கல், எந்தக் காலம், எந்த ஆள் எனப் பிரித்துச் சான்றோடு எழுதிவைப்பது இலக்கிய வட்டங்களின் கடமையாகிறது. தகடூரைப் பாடும் கவிஞர்க்குக் கற்பனை உரிமை உண்டு. தகடூரைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது அவ்வுரிமை இல்லை. ஒரு மலரின் ஓரத்தில் அச்சாகும் சிறு குறிப்பையும் நாளை ஓர் இயந்திரம் உண்மையெனக் கொள்ளக்கூடும்; அதனிடம் பாடம் கேட்கும் பேரப்பிள்ளையும் அவ்வாறே கொள்ளக்கூடும்.