ஓடில்லா நத்தை வீட்டுக்குள் ஏன் வருகிறது?

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மழை தொடங்கினால் ஒரே முறைப்பாடுதான். "ஐயா, விடிய எழும்பினா காம்பிரா முழுக்க நத்தை ஊர்ந்த வழுவழுப்பு!"

எனது ஊர் கல்முனை. கடற்கரை மணல் பூமி. அங்கேயும் கார்த்திகை, மார்கழி மாரி மழைக்கு இது குசினிக்குள் வரும். உம்மா இரவிரவாக உப்புத் தூவுவா. ஒன்று செத்தால் மறுநாள் இரண்டு வரும். கடைசியில் பார்த்தால், குசினிச் சுவரோடு வாழைச் சருகு குவிந்து கிடந்தது. அதை அள்ளி எறிந்து, தண்ணீர் போகும் ஓட்டைக்கு நெருக்கமான கம்பி வலை வைத்த பிறகுதான் வரவு குறைந்தது. அதுவரை வந்ததைக் கொன்றோம். வரும் வழியைப் பார்க்கவில்லை.

இது அட்டை மாதிரி இரத்தம் குடிக்காது. ஓடு இல்லாதபடியால் வெயிலில் உடம்பு காய்ந்துவிடும். ஆகவே பகலில் ஈரத்தில் ஒளிந்திருந்து, இரவில் இரை தேடி வரும். சிறு இடுக்கும் அதற்குப் போதும்.

நமது லயத்தில் அதற்கு ஈரம் எங்கே கிடைக்கிறது? இஸ்தோப்பு மூலையில் போட்ட நனைந்த படங்கு, சுவரோடு அடுக்கிய விறகு, அடைத்த கான், வாசலில் கொட்டிய மரக்கறித் தோல். படங்கைக் கொடியில் போடுங்கள். விறகைச் சுவரை விட்டுத் தள்ளிக் கல்லின்மேல் அடுக்குங்கள். இரவில் கதவடிக்குக் காய்ந்த சாக்கைச் சுருட்டி வையுங்கள். அடுப்புச் சாம்பலும் தடுக்கும். ஆனால் நனைந்தால் பயனில்லை.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் எலி எச்சம் வழியாக நத்தைக்குள் போகும். அந்த நத்தையோ அதன் துண்டோ பச்சையாக நம் வயிற்றுக்குள் போனால், மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி வரலாம். வல்லாரைச் சம்பல் நமக்கெல்லாம் விருப்பம். இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். நத்தை ஊர்ந்த கீரையை வேகவைத்தே சாப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகளை நத்தையோடு விளையாட விடாதீர்கள். வெறுங்கையால் எடுக்கவும் வேண்டாம். நத்தை மருந்து நஞ்சு. அதைக் காம்பிராவுக்குள் வைக்கவே கூடாது.

கான் உடைந்திருந்தால், கதவடி உளுத்திருந்தால், லயத்தார் எல்லோரும் சேர்ந்து எழுதித் தாருங்கள். துரையிடம் கொண்டுபோவது எனது வேலை. விறகைத் தள்ளி அடுக்குவது உங்கள் வேலை. இன்றைக்கே தொடங்குவோம்.