தொறு என்னும் சொல்

கல்லாவி இருக்கும் ஊத்தங்கரை வட்டமும், 2004 வரை அது சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டமும் நடுகற்கள் மிகுந்த நிலம் என்பதை அவையோர் அறிவர். அண்டையிலுள்ள செங்கத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக்கியது.

அவற்றைப் புதிதாகப் படிப்பவரைத் தடுத்து நிறுத்தும் சொல் 'தொறு'. இன்றைய தமிழர் அறிந்தது 'வீடுதொறும்' என்பதிலுள்ள இடைச்சொல்லே. அதனைக் கல்லில் ஏற்றினால் தொடர் நொண்டும். ஆனால் அக்கல்லே வழி காட்டுகிறது. தொறுவைக் கொள்கிறார்கள், ஒருவன் மீட்கிறான், மீட்டு மாய்கிறான். ஆகவே அது கவர்ந்து செல்லத்தக்க உடைமை. உயிர்கொடுத்துக் காக்கத்தக்க உடைமை. வெட்சியும் கரந்தையும் கற்ற கவிஞர்க்கு அதற்குமேல் வேண்டுமோ? தொறு என்பது ஆநிரை. பழங்கன்னடம் கற்றவரோ இன்னும் விரைந்து உணர்வர். அங்கும் 'துரு' என்பது பசுவே.

'பட்டான்' என்பது இதனினும் வஞ்சகமான சொல். தெரிந்த முகத்தோடு வந்து நிற்கும். துன்பப்பட்டானா, கடன்பட்டானா எனக் கேட்கத் தோன்றும். ஆயின் தொடரை முடிப்பது 'கல்'. துன்பப்பட்டார்க்கெல்லாம் கல் நாட்டியிருந்தால் இவ்வட்டாரத்தில் உழுவதற்கு நிலம் மிஞ்சியிராது. போரில் வீழ்ந்தவனுக்கே அக்கல். அகராதியைப் புரட்டாத உழவரும் 'பட்ட மரம்' என்று சொல்லும்போது அப்பழம்பொருளையே வழங்குகின்றனர்.