பெயரைத் துடைப்பதா, காப்பதா?

(அம்பத்தூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நான் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன். இன்டர்நெட் பத்திப் பேச உனக்கென்ன தகுதின்னு கேக்கலாம். எங்க தெருப் பையனுக்கு நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். டிப்ளமோ முடிச்சவன். நேர்முகத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான். கடைசியில் அதிகாரி தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். ஏப்ரல் 14 ஊர்வலத்தில் நீலக்கொடியோடு நம்ம பையன். 'இது நீதானாப்பா? சரி, சொல்லி அனுப்புறோம்' என்றார். சொல்லி அனுப்பவேயில்லை.

வீட்டுக்கு வந்தவன் முதல் வேலையாக முகநூலில் இருந்த அம்பேத்கர் படத்தை எடுத்தான். திட்ட எனக்கு வாய் வரல. அவங்கம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாங்க.

'வேலை வேணும்னா இன்டர்நெட்டில் உன் பெயரைச் சுத்தமா வச்சுக்கோ' என்கிறார்கள். சுத்தம்! இந்தச் சொல்லை எத்தனை தலைமுறையாகக் கேக்கிறோம்? கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். மறைத்த பெயர் அவரையே காக்கவில்லை. அதற்கு முன்பே, 1893இல், ரெட்டமலை சீனிவாசன் இழிவென்று சொன்ன பெயரையே 'பறையன்' என்று பத்திரிகைக்கு வைத்தார்.

அதுக்காக எதையும் போடு என்கிறேனா? இல்லை. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் வலைத்தளத்தில் ஏற்றச் சொன்னது. பாலியல் குற்றம் போன்றவைக்கு மட்டும் விலக்கு. மறியல் வழக்கு முடிஞ்சாலும் பெயர் நிக்குது. விடுதலையான ஒருவர் பெயரை இணையத் தீர்ப்பிலிருந்து நீக்கும்படி 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

ஆகவே விண்ணப்பத்தில் வழக்கு உண்டான்னு கேட்டா பொய் எழுதாதே. 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: உண்மையைச் சொல்லணும்; சின்ன வயசில் கோஷம் போட்டது மாதிரி அற்ப வழக்கை மறைத்திருந்தால் வேலை தருபவர் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான், கட்டாயமில்லை. விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வை. ஆத்திரத்தில் வசவு எழுதாதே. எதிரி அதைப் படம் பிடித்து வைப்பான். மறைக்க வேண்டியது கொடியை அல்ல. வீட்டு விலாசத்தை, போன் நம்பரை, தங்கச்சி படத்தை.

இயக்கத்துக்காரர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அந்த ஊர்வலப் படத்தைப் பெயரோடு போட்டவன் நான்தான். அவனை ஒரு வார்த்தை கேக்கல. போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் சொன்னான்: 'படம் போட்டதுல கோபமில்லண்ணே. வேலை தரலைன்னதும் கம்பெனி வாசலுக்கு ஏன் யாரும் வரல?'

எனக்குப் பதில் இல்லை. பெயரைக் காப்பது தனியாள் வேலையில்லை தோழர்களே. அவன் கேள்விக்கு நாம் சேர்ந்துதான் பதில் சொல்லணும்.

ஜெய்பீம்.