தாங்கும் தோல், போர்த்தும் தோல்

சின்ன ஹாலுக்குத் தோல் நாற்காலி வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்பது இன்றைய பேச்சு. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நிறத்திலிருந்துதான் பதில் தொடங்கும்: வெளிர் நிறம் அறையைப் பெரிதாகக் காட்டும், கறுப்பு சுருக்கிக் காட்டும் என்று. நிறம் பிறகு வரட்டும். அந்த நாற்காலியில் தோல் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தோல் இருக்கைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தோல் வெறும் போர்வை; உள்ளே மரச்சட்டமும் ஸ்பிரிங்கும் ஃபோமும் சேர்ந்து ஆளைத் தாங்கும். இன்னொன்றில் தோலே ஆளைத் தாங்கும். இரண்டு கம்பிகளுக்கு நடுவிலோ மரச்சட்டங்களுக்கு நடுவிலோ இழுத்துக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். சின்ன அறைக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகைதான் என்பது என் கட்சி.

ஒரு கணக்குப் போடுவோம். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 120 சதுர அடி. கடையில் 'த்ரீ ப்ளஸ் ஒன் ப்ளஸ் ஒன்' என்று காட்டுகிற சோபா செட்டில் பெரியது ஏழடி நீளம், மூன்றடி ஆழம் இருக்கும். ஒற்றை இருக்கைகள் மூன்றுக்கு மூன்று. கூட்டிப் பாருங்கள், 39 சதுர அடி. அறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. டீப்பாய் இன்னும் வரவில்லை, டி.வி. ஸ்டாண்டு வரவில்லை, கதவு திறக்க இடம் விடவில்லை, சமையலறைக்கு நடக்க இரண்டரை அடிப் பாதையும் விடவில்லை. இவ்வளவு பருமன் எதற்கு? இருபது அங்குல அகலமும் அதே அளவு ஆழமும் இருந்தால் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். மிச்சமெல்லாம் கைப்பிடிக்குள்ளும் முதுகுக்குப் பின்னாலும் அடைத்த ஃபோமும் கட்டையும்தான். அந்த ஃபோம் குடியிருக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான், நேயர்களே, நாம் சதுர அடிக் கணக்கில் விலை கொடுத்து வீடு வாங்கியிருக்கிறோம்.

தோலை வெறும் போர்வையாக வைப்பது அதன் பலத்தை வீணாக்குவதும்கூட. தோலுக்குள் கொலாஜன் என்னும் புரத நார்கள் நாலா பக்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. துணியில் இருப்பதுபோல நீளவாட்டில் ஓர் இழை, குறுக்கே ஓர் இழை என்ற ஒழுங்கு அங்கே இல்லை. அதனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும். ஓரிடத்தில் கீறல் விழுந்தாலும் சரசரவென்று நேர்கோட்டில் கிழிந்து ஓடாது. சோபாவுக்குப் போர்த்துகிற தோல் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம். ஆளைத் தாங்க வேண்டிய தோலுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் வேண்டும். குதிரைச் சேணத்துக்குப் பயன்படுவதும் அந்த ஜாதிதான்.

இந்தக் குணத்தை அறிந்து செய்த நாற்காலி ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச ஆசை; பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் ரூர்க்கி நாற்காலி. இன்றைய உத்தரகண்டில் உள்ள ரூர்க்கி, ராணுவப் பொறியாளர் படை இருக்கும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், முகாம் மாறிக்கொண்டே இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்காக அது உருவானது. கடைந்த மரக்கால்கள் நான்கு, அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகள், நடுவே தொங்கும் கித்தான் அல்லது தோல். மூட்டுகளில் ஆணி கிடையாது, பசையும் கிடையாது. கட்டையின் கூம்பு முனையைக் காலின் துளையில் செருகிவிட்டு உட்கார்ந்தால், உட்காருபவரின் எடையே மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தரை மேடுபள்ளமாக இருந்தால் கால்கள் சற்றே அசைந்து கொடுத்துச் சமமாக நிற்கும். கழற்றிச் சுருட்டினால் ஒரு சின்ன மூட்டை. கூடாரத்தைவிடச் சிறிய வரவேற்பறை உண்டா, சொல்லுங்கள்! 1933இல் டென்மார்க்கின் கோரே கிளிண்ட் செய்த புகழ்பெற்ற சஃபாரி நாற்காலி இதன் நேர் வாரிசு. ஆக, நவீனத் தோல் நாற்காலியின் குடும்பத்தில் ஒரு கிளை இட நெருக்கடியில் பிறந்தது. மாளிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு கிளை ஜெர்மனியில் முளைத்தது. 1925இல், பௌஹவுஸ் பள்ளியில் இருந்த மார்செல் பிராயர், சைக்கிளின் ஹேண்டில்பாரிலிருந்து யோசனை பெற்று எஃகுக் குழாயை வளைத்து ஒரு நாற்காலி செய்தார். பிற்காலத்தில் வஸ்ஸிலி என்று பெயர் பெற்றது அது. முதலில் அதில் துணிப்பட்டைகள்தான் இருந்தன. தோல் பின்னால் வந்தது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அது ஒடுக்கமான நாற்காலி இல்லை, ஏறக்குறைய 79 சென்டிமீட்டர் அகலம். ஆனாலும் அறையை அது அடைப்பதில்லை, ஏனென்றால் அதன் ஊடே பின்சுவர் தெரிகிறது, அடியில் தரை தெரிகிறது. தரை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு அறை இருக்கிறது என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். 1956ஆம் ஆண்டை மட்டும் வைத்தே தாங்கும் தோல் பற்றிய என் வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அந்த வருடம் அமெரிக்காவில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் மெத்தை வைத்த லவுஞ்ச் நாற்காலி வந்தது. அகலம் சுமார் 33 அங்குலம், கால் வைக்கும் ஸ்டூலோடு சேர்த்தால் ஐந்தடி நீளம் கேட்கும். அதே வருடம் டென்மார்க்கில் பால் கேர்ஹோம் எஃகுச் சட்டத்தின் மேல் மெத்தை இல்லாமல் அமைத்த நாற்காலி வந்தது. 63 சென்டிமீட்டர் சதுரம், அதாவது இருபத்தைந்து அங்குலம். இரண்டும் பெயர் பெற்றவை. பத்தடி அகல ஹாலில் முதலாவது ஒன்று வைக்கும் இடத்தில் இரண்டாவதை இரண்டு வைத்துவிடலாம்.

இந்த ஊர் வெயிலுக்குத் தோலா, முதுகில் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்கிறீர்கள். ஒட்டும். ஆனால் முக்கியக் குற்றவாளி அடியில் இருக்கும் ஃபோம். உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துத் திருப்பித் தருவது அது. கட்டித் தொங்கவிட்ட தோலுக்கு மறுபக்கமும் காற்றுப் படும். மழைக்காலத்தில் பூஞ்சை வந்தாலும் இரண்டு பக்கமும் துடைத்து மின்விசிறிக்கு அடியில் வைத்துவிடலாம். சோபாவின் வயிற்றுக்குள் இருப்பது நம் கண்ணுக்கே தெரியாது. நாளடைவில் தோல் தொய்ந்துவிடாதா என்றால், தொய்யும். அதற்காகத்தான் 1958இல் நாற்காலி வடிவமைப்பாளர் பார்ஜ் மோகன்சன் தன் ஸ்பானிஷ் நாற்காலியில் பெல்ட்டுபோலப் பக்கிள் வைத்தார்; தொய்ந்தால் ஒரு துளை தள்ளி இறுக்கிக்கொள்ளலாம்.

ஓர் ஆட்சேபத்துக்கு மட்டும் நான் தலைகுனிகிறேன். இந்த வகை நாற்காலிகளில் பல தாழ்ந்தவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உட்கார்ந்தால் எழ முடியாது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால், தரையிலிருந்து பதினேழு, பதினெட்டு அங்குல உயரமும் ஊன்றி எழக் கெட்டியான கைப்பிடியும் உள்ளதையே பாருங்கள், அழகு அப்புறம். விருந்தாளிகள் பத்துப் பேர் வந்தால்? தரை காலியாக இருக்கிறதே, பாய் விரிக்கலாம்.

பாலாற்றை மறந்துவிட்டுத் தோலைப் பற்றிப் பேசக் கூடாது. வேலூர்ப் பக்கத் தோல் தொழிற்சாலைகளிலிருந்து அந்த ஆற்றில் கலந்த கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நினைவிருக்கும். அந்தக் கவலை உள்ளவர்களுக்கும், செலவு கட்டாது என்பவர்களுக்கும் என் பதில் ஒன்றே: அதே நாற்காலிச் சட்டத்தில் கெட்டியான கித்தான் கட்டிக்கொள்ளுங்கள். தாத்தாக்களின் சாய்வு நாற்காலி ஒரு துண்டுத் துணியை நம்பித்தானே ஆளைத் தாங்கியது? ஆனால் பி.யு. லெதர் என்று விற்கிறார்களே, அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதன் மேலிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு நம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சிதைந்து, சில வருடங்களில் செதில் செதிலாக உதிரும்.

நேரம் நெருங்குகிறது. நிறத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னது நின்றுபோயிற்று. உங்கள் விருப்பம்போல எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன பெயர்பெற்ற நாற்காலிகளின் அசல்கள் பெரும்பாலும் லட்சங்களில் விற்பவை. அவற்றை வாங்கச் சொல்லவில்லை. அமைப்பைக் காட்டினால் நல்ல ஆசாரியோ எஃகுப் பட்டறையோ சட்டம் செய்து தருவார்கள், சென்னையில் இருப்பவர்களுக்குத் தோலுக்குப் பெரியமேடு இருக்கிறது. வாங்கும்போது தோலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்: நார் நாராக இருந்தால் தோல், நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பும் நேயர்கள் அளவு டேப்பை மறக்காமல் பையில் போட்டுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.